மூன்று அட்டி விறகு

ஒரு நீராவி வால்வு மேஸ்திரியின் கையைச் சுட்டுவிட்டது. புறங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வழன்று போயிற்று. கை ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று அவர் செய்த முதல் காரியம், அந்த வால்வைக் கழற்றியது. வாஷர் மாற்றினால் இன்னும் பத்து வருஷம் உழைக்கக்கூடிய பித்தளை வால்வு. அதைக் கயிற்றில் கட்டி, கம்பெனி வாசலில் நின்ற அயனி மரத்தின் கிளையில் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

“கெடக்கட்டு. இனி இவன் ஆவி குடிக்கண்டாம்” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் பச்சைக் களிம்பேறி அந்த வால்வு அங்கேயே தொங்கியது. ஒவ்வொரு நாளும் உள்ளே வரும்போது அதை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அவரை மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். நெடுநெடுவென்ற ஆள். பேச்சு குறைவு. வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது. யாராவது தனக்குச் செய்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நெஞ்சுக்குழியில் இரண்டு விரலை வைத்து, “உள்ள கெடக்கு” என்பார். அவ்வளவுதான். ஒரு தடவை மழை நாளில், டிக்கெட் தகராறில், ஒரு பஸ் கண்டக்டர் அவரைக் கருங்கல் ஊர்ச் சந்தை வருவதற்கு முன்னாலேயே வழியில் இறக்கிவிட்டுவிட்டான். அதற்கப்புறம் அந்த பஸ் கம்பெனியின் வண்டியில் அவர் ஏறவே இல்லை. வேறு பஸ் கிடையாது. அதனால் தினமும் நடந்தார். அந்தக் கண்டக்டர் வேலையை விட்டுப் போய் வேறு கண்டக்டர் வந்த பிறகும் நடந்தார்.

நான் அங்கே கெமிஸ்ட். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த சமயம் அது. கருங்கல்லிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில், ஆற்றோரமாக இருந்தது அந்த ஸ்பிரிட் கம்பெனி. கருப்பட்டிப் பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, மருந்துக்கும் வார்னிஷுக்கும் ஆகிற ஸ்பிரிட் எடுப்பார்கள். காய்ச்சுவதற்கு ஐந்து ஆள் உயரத்தில் ஒரு செம்புத் தூண். உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். நடுவில் புளித்த பாகை விடுவோம். அடியிலிருந்து நீராவி மேலே ஏறும். தண்ணீர் தட்டுத் தட்டாகக் கீழே இறங்க, ஸ்பிரிட் ஆவியாகி உச்சிக்குப் போகும். நீராவிக்கு ஒரு பாய்லர். பாய்லருக்கு விறகு. ஒரு நாளைக்கு ஆறு அட்டி விறகு தின்றது அது. அட்டி என்பது ஆளின் நெஞ்சு உயரத்துக்கு, ஒரு கட்டில் நீளத்துக்கு அடுக்கிய குவியல்.

விறகு கொடுத்தது ஒரே ஒரு காண்டிராக்டர். குலசேகரத்துக்கு மேலே மலையில் மரம் வெட்டும் குத்தகை அவரிடம் இருந்தது. மூன்று லாரிகள். மானேஜர் வீட்டுக்கு மலைத்தேனும் பலாப்பழமும் அந்த லாரிகளில்தான் வரும். மேஸ்திரியின் ஒரே தம்பி அந்தக் காண்டிராக்டரிடம் மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தான். தம்பியின் பெண்டாட்டி எங்கள் கம்பெனி முற்றத்தில் விறகுச் சுமடு எடுத்தாள். அட்டியிலிருந்து பாய்லர் வாய்க்குத் தலைச்சுமையாக விறகு கொண்டுபோய்ப் போடுகிற பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி.

ஒரு நாள் மத்தியானம் விறகு லாரி வந்தது. விறகின் மேலே தார்ப்பாயில் சுற்றி ஒரு உடல் கிடந்தது. காலையில் வெட்டின மரம் திசைமாறிச் சரிந்து தம்பியின் மேல் விழுந்திருந்தது.

சுமட்டுப் பெண்களில் யாரோ அலறினார்கள். தம்பி பெண்டாட்டி தலைச்சும்மாட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி பாய்லர் கொட்டகையிலிருந்து வந்து லாரியின் பக்கத்தில் நின்றார். காண்டிராக்டர் முன் இருக்கையிலிருந்து இறங்கினார்.

“வண்டிய நேரா வீட்டுக்கு விடும். தம்பிய எறக்கிட்டுப் பொறவு வந்து வெறவ எறக்கலாம்” என்றார் மேஸ்திரி.

“பாய்லர் அவிஞ்சு போவும் மேஸ்திரி. நாலு ஆளு நின்னா ஒரு மணிக்கூறு. எறக்கிட்டே போவலாம்.”

“ரெண்டு நாளைக்கு வேண்டிய வெறவு முற்றத்துல கெடக்கு. பாய்லர் ஒண்ணும் அவியாது.”

காண்டிராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மலையில் அடுத்த லோடு காத்திருந்தது. “அவனுக்கு இனி என்ன வேய் அவசரம்?” என்றார்.

உடலை இறக்கி அயனி மரத்தின் கீழே ஓலை போட்டுக் கிடத்தினார்கள். பிறகு விறகை இறக்கினார்கள். ஒரு மணி நேரத்தில் முடியவில்லை, சாயங்காலம் ஆகிவிட்டது. மேஸ்திரி ஈ விரட்டிக்கொண்டு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இறக்கின ஒவ்வொரு கட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோதனை அறையின் ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்தேன். வெளியே போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மானேஜர் வராந்தாவில் நின்றார். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. போகவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து மேஸ்திரி வேலைக்கு வந்தார். நேராகச் சோதனை அறைக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் அங்கே வந்ததே இல்லை.

“சாரே, நீங்க படிச்சவரு. இந்தத் தூணுக்கு மெய்யாட்டும் எவ்வளவு வெறவு வேணும்?”

நான் புத்தகக் கணக்குப்படி மூன்று அட்டி போதும் என்றேன்.

“அப்பம் மத்த மூணு அட்டி எங்க போவுது?”

“சுற்றிலும்தான் போகுது. குழாயைத் தொட்டா சுடுது இல்லையா, அது ஒரு பங்கு. புகைபோக்கியில ஒரு பங்கு. தூணுக்கு அடியில கொதிக்கக் கொதிக்கக் கழிவை வாய்க்கால்ல விடுறோம், அதுல ஒரு பெரிய பங்கு.”

“வெறவு வேண்டாம்னு ஆக்கணும் சாரே. ஒவ்வொரு கட்டையா. கணக்கு எழுதித் தாங்க.”

மானேஜரிடம் கேட்க வேண்டும் என்று நான் இழுத்தேன். அவர் நெஞ்சுக்குழியில் இரண்டு விரலை வைத்தார்.

“அன்னைக்கு நீங்க ஜன்னல்ல நின்னீங்க. அதும் உள்ள கெடக்கு சாரே.”

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மறுக்க முடியவில்லை. அன்றே எழுதிக் கொடுத்தேன்.

முதலில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அழுகின கயிற்றுக் கழிவை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார். களிமண்ணையும் உமியையும் குழைத்து நீராவிக் குழாய்களின் மேல் பூசி, அதன் மேல் கயிற்றைச் சுற்றினார். அடுத்துத் தூணுக்கும் அப்படியே செய்தார். பளபளவென்று நின்ற செம்புத் தூண் காய்ந்த பனைபோல ஆயிற்று. மானேஜர் பார்த்துவிட்டு அசிங்கமாக இருக்கிறது என்றார். மேஸ்திரி கையால் தூணைத் தடவிக் காட்டினார். “தொட்டுப் பாருங்க சார். சுடாது.” சுடவில்லை. ஒரு மாதத்தில் ஆறு அட்டி ஐந்தானது.

பிறகு கழிவு வாய்க்காலுக்கு வந்தார். அந்த வாய்க்கால் எங்கள் ஆட்களுக்குப் பெரிய வசதி. கொதிக்கக் கொதிக்கப் போகும். மத்தியானத்துக்கு மரச்சீனிக் கிழங்கையும் முட்டையையும் துணியில் முடிந்து அதில் தொங்கவிட்டால் வெந்துவிடும். மேஸ்திரி பழைய செம்புக் குழாய்களைப் பொறுக்கி, வளைத்து, அந்தக் கழிவு போகிற தொட்டிக்குள் இறக்கினார். தூணுக்குள் போக வேண்டிய குளிர்ந்த பாகு அந்தக் குழாய்களின் வழியாகச் சுற்றி வந்தது. வெளியே போகிற சூடு, உள்ளே வருகிற பாகில் ஏறிக்கொண்டது. பாதி சூடாகிவிட்ட பாகைக் காய்ச்சப் பாய்லருக்கு என்ன கஷ்டம்?

அதை ஓட்டிப் பார்த்த அன்று அவர் ஒரு முட்டையைத் துணியில் முடிந்து வாய்க்காலில் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். அரை மணி நேரம் கழித்து எடுத்து ஒரு கல்லில் தட்டினார். வெள்ளையும் மஞ்சளும் வழவழவென்று மண்ணில் ஒழுகின.

“வேகல்ல சாரே! பச்சையாட்டே இருக்கு!”

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கிழங்கு வேகாத ஆட்கள் அவரைத் திட்டினார்கள். ஐந்து அட்டி நாலானது.

கடைசி அட்டிக்கு என் வேலையும் சேர்ந்தது. உச்சியில் குளிர்ந்து வரும் ஸ்பிரிட்டில் ஒரு பங்கைத் திரும்பவும் தூணுக்குள் இறக்கிவிடுவது வழக்கம். அப்போதுதான் சரக்கு சுத்தமாகும். ஆனால் தேவைக்கு மேல் இறக்கினால் காய்ச்சினதையே மறுபடி மறுபடி காய்ச்சுகிறோம் என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் பயத்தில் அள்ளி அள்ளி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வால்வை ஒரு நூல் அளவு மூடுவார். நான் ஹைட்ரோமீட்டரை ஸ்பிரிட்டில் மிதக்கவிட்டுச் சுத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறையவில்லை என்றால் இன்னொரு நூல். இப்படிப் பத்து நாள். வால்வில் சரியான இடம் கிடைத்தபோது சிவப்பு பெயின்டால் ஒரு கோடு இழுத்தார்.

மூன்று அட்டி.

காண்டிராக்டர் இதை முதலில் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது பச்சை விறகாக அனுப்ப ஆரம்பித்தார். ஈர விறகு புகையும், சூடு கொடுக்காது, இரண்டு மடங்கு எரிக்க வேண்டிவரும். மேஸ்திரி புகைபோக்கியின் அடிச்சுவரை ஒட்டி ஒரு ஓடு வேய்ந்த கொட்டகை போட்டார். வீணாகப் போன புகையின் சூட்டில் விறகு இரண்டே நாளில் காய்ந்து, தட்டினால் கணீர் என்றது.

அதற்குள் முற்றம் நிரம்பிவிட்டது. ஒரு நாள் இரண்டு லாரிகள் விறகோடு வந்து வாசலில் நின்றன. காண்டிராக்டரும் வந்திருந்தார். மேஸ்திரி வாசலுக்குக் குறுக்கே நின்றார்.

“எறக்க எடமில்ல.”

“மலையில இன்னும் நாலு லோடு கெடக்கு மேஸ்திரி. மழ வந்தா கரையான் அரிச்சுப்போடும். எங்கயாச்சும் ஒதுக்கும்.”

“பாய்லருக்கு வயிறு நெறஞ்சிருக்கு. வெறவுக்கு இனி என்ன வேய் அவசரம்?”

காண்டிராக்டரின் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன். தான் என்றைக்கோ சொன்ன சொல் என்று அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. குரலைத் தணித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“நடந்தது நடந்துபோச்சு. தம்பி பெண்டாட்டிக்கு நான் ஒரு வழி செய்யுதேன். நமக்குள்ள எதுக்கு?”

“வண்டியத் திருப்பும்” என்றார் மேஸ்திரி. லாரிகள் திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. ஜன்னலில் நின்ற ஆளுக்கும் அந்தப் பழிவாங்கலில் ஒரு பங்கு கிடைத்துவிட்டது போல.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. விறகு பாதியானதும் சுமட்டுப் பெண்களில் ஆறு பேரை மானேஜர் நிறுத்தினார். தம்பி பெண்டாட்டி அதில் ஒருத்தி. சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பாய்லர் கொட்டகைக்கு வந்தாள்.

“அத்தான், எனக்க மாப்பிளைய முறிச்சது அவனுக்க மரம். எனக்க சோத்த முறிச்சது நீரு.”

மேஸ்திரி ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“ஒனக்கு நான் இருக்கேன் பிள்ளே.”

“நீரு எனக்காவயா இருக்கீரு? அவனுக்காவ இருக்கீரு. காலத்த எந்திரிச்சா அவன், படுத்தா அவன். எனக்க வீட்டு நடையில நீரு ஒருநாளும் வந்து எட்டிப் பாத்ததில்ல.”

அவள் போய்விட்டாள். கிள்ளியூர்ப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போனதாக அப்புறம் கேள்விப்பட்டேன். மேஸ்திரி ஸ்பானரை மறுபடி நட்டில் பொருத்தினார். மூடின வால்வை ஒரு நூல் திறந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அப்படி நடந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் காண்டிராக்டர் மானேஜரைப் போய்ப் பார்த்தார். மேஸ்திரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். சொன்ன காரணம், கம்பெனிப் பொருளைக் கேட்காமல் எடுத்து இஷ்டத்துக்குக் குழாய் வளைத்தார் என்பது. மூன்று நாள் தவணை கொடுத்தார்கள்.

அந்த மூன்று நாளும் கம்பெனி முழுக்கப் பயந்துகொண்டிருந்தது. கையைச் சுட்ட வால்வையே தூக்கில் போட்ட மனுஷன், சோற்றைப் பிடுங்கினவர்களை என்ன செய்வார்? எல்லா வால்வும் அவர் கையில். ஒரு குழாயைத் தளர்த்தினால் போதும், ஒரு வருஷத்து வேலை நாசம். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, அவர் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார்.

இருந்தேன். அவர் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி புதுத் தக்கை வைத்து மூட்டினார். களிமண் விரிசல் விட்ட இடங்களை மறுபடி பூசினார். செம்புக் குழாய்களின் உள்ளே படிந்த கறையைச் சுரண்டினார். பாய்லர் ஓட்டும் இரண்டு ஃபயர்மேன்களையும் முன்னால் நிறுத்தி, எந்த வால்வு எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று மனப்பாடம் ஆகும்வரை சொல்லவைத்தார். அவர்கள் தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசி நாள் கொட்டகைச் சுவரில் எல்லாவற்றையும் தாரில் பெரிய எழுத்தில் எழுதினார்.

நாகர்கோவிலிலிருந்து முதலாளி வந்து அந்தச் சுவரைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நீக்கின கம்பெனிக்கு இப்படிச் செய்வானா ஒருத்தன்? விசுவாசம்னா இதுதாம் பாத்துக்கிடுங்க” என்று எங்களையெல்லாம் வைத்துக்கொண்டு சொன்னார். ஆனால் மானேஜர் போட்ட உத்தரவை மாற்றவில்லை.

மேஸ்திரி வாசலைத் தாண்டும்போது நான் கூடப் போனேன்.

“முதலாளி விசுவாசம்னு நெனைக்கிறார்” என்றேன்.

“நெனைச்சிட்டுப் போட்டு. நான் போனா பழையபடி ஆறு அட்டி ஆவும்னு அந்தக் காண்டிராக்டர் காத்துக்கெட்டிக்கிட்டு இருக்கான் சாரே. ஆவக் கூடாது.”

ஆகவில்லை. மானேஜரின் பேச்சை நம்பி, காண்டிராக்டர் அந்த வருஷம் மலையில் இன்னொரு பெரிய பகுதியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மேஸ்திரி போனால் பழையபடி ஆறு அட்டி என்பது கணக்கு. ஃபயர்மேன்கள் சுவரைப் பார்த்து ஓட்டினார்கள். மூன்று அட்டிதான் எரிந்தது. வெட்டிப்போட்ட மரமெல்லாம் மலையில் மழையில் கிடந்து காளான் பூத்தது. ஒரு லாரி போயிற்று, பிறகு மற்ற இரண்டும். மலைத்தேன் நின்றதும் மானேஜருக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. கடைசியில் கருங்கல்லில் சொந்த வீட்டின் முன்னறையை ஒரு உரக் கடைக்கு விட்டுவிட்டுப் பின்பக்கம் இருந்தார்.

அந்த வீட்டுக்கு நேர் எதிரே மேஸ்திரி ஒரு பட்டறை வைத்தார். நெல்குத்து மில்களின் ஆயில் என்ஜின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. சந்தைக்கு நடுவில் நல்ல இடம் கிடைத்தும் அதை வேண்டாம் என்றுவிட்டு இதை எடுத்தார் என்று சொன்னார்கள். சந்தைக்குப் போகும் நாட்களில் நான் பார்த்திருக்கிறேன். எதிர் வீட்டைப் பார்த்த மாதிரிதான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். காண்டிராக்டர் வெளியே வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, அவர் தெரு திரும்பும்வரை பார்ப்பார். காண்டிராக்டர் கொஞ்ச நாளில் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். அப்புறம் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். நாலு வருஷம் இப்படி.

எங்கள் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்த வருஷம் மானேஜர் மாறினார். புதியவர் விவரம் தெரிந்தவர். சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, இதை எழுதின ஆள் எங்கே என்று கேட்டார். முதலாளியும் கூப்பிட்டு வரச் சொன்னார். நான் கருங்கல்லுக்குப் போனேன்.

எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. காண்டிராக்டர் ஆவணி மாதமே செத்துப்போய்விட்டார் என்று உரக் கடைக்காரர் சொன்னார். மேஸ்திரி முக்காலியை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஒரு பிஸ்டனை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் மெலிந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மறுபடியும் மேஸ்திரி வேலை. இஷ்டப்படி செய்யலாம், யாரும் கேட்கமாட்டார்கள். புது மானேஜர் மூன்று அட்டியை இரண்டாக்க முடியுமா என்று பார்க்கச் சொல்கிறார்.

அவர் பிஸ்டனைத் துடைத்து வைத்தார்.

“வெறவு இப்பம் யாரு குடுக்கா?”

“ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆள் ஒருத்தர். புதுசு.”

“ஆளு எப்பிடி?”

“எனக்குத் தெரியல. வருவார், இறக்குவார், போவார். மூணு சின்னப் பிள்ளைங்க இருக்காம்.”

மேஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். நான் சம்மதிப்பார் என்றே நினைத்தேன்.

“நான் வரல்ல சாரே. எனக்கு அவன்கிட்ட பகை ஒண்ணுமில்ல” என்றார். பிறகு அடுத்த பிஸ்டனை எடுத்து மண்ணெண்ணெயில் முக்கிக்கொண்டே சொன்னார்: “போயி அந்தக் கயித்தையும் மண்ணையும் பிச்சுப் போடச் சொல்லுங்க. பாய்லர் கொஞ்சம் கூடத் தின்னட்டு. பாவம், புள்ளக்குட்டிக்காரன்.”